எதோடு எது சேர்ந்து வருகிறது? ஜோடிகளை எண்ணிப் பார்ப்போம்

இட்லி அரிசி வாங்குபவர் கூடவே உளுந்தும் வாங்குவார் என்று மளிகைக் கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடையில் உள்ள மற்றப் பொருள்களில் எதோடு எது போகிறது? அதைப் பில்களிலிருந்தே எண்ணி எடுத்துவிடலாம். கீழே உள்ள ஆறு பில்களும் விளக்கத்துக்காக நான் எழுதியவை. பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கையால் எண்ணினால்தான் கணக்கு மனதில் நிற்கும்.

பில் 1: இட்லி அரிசி, உளுந்து, வெந்தயம், பால்
பில் 2: இட்லி அரிசி, உளுந்து, பால்
பில் 3: காபித்தூள், பால், சர்க்கரை
பில் 4: உளுந்து, வெந்தயம், இட்லி அரிசி
பில் 5: பால், சர்க்கரை, பிஸ்கட்
பில் 6: பால், காபித்தூள்

படி 1: சுத்தம் செய்யுங்கள்

ஒரே பில்லில் பால் இரண்டு வரியில் இருந்தால் ஒன்றாக்குங்கள். எத்தனை பாக்கெட் என்பது இங்கே வேண்டாம், இருக்கிறதா இல்லையா என்பது போதும். ‘உளுந்து’, ‘உ.பருப்பு’, ‘உளுத்தம்பருப்பு’ எல்லாம் ஒரே பெயருக்கு வரட்டும். தெரிந்தவர் ஒருவரின் கடைக் கணக்கை நான் முதலில் எண்ணியபோது, பட்டியலின் உச்சியில் வந்து நின்றது ‘கேரி பேக்’. பில்லுக்குப் பில் அதுவும் ஒரு பொருளாகப் பதிவாகியிருந்தது. இப்படிப்பட்ட வரிகளை இப்போதே நீக்கிவிடுங்கள்.

படி 2: ஜோடிகளை எழுதுங்கள்

பில் 1-இல் நான்கு பொருள்கள். ஒவ்வொன்றையும் மற்றதோடு சேர்த்தால் ஆறு ஜோடிகள் (4 × 3 ÷ 2). எழுதும்போது அகர வரிசையை விடாதீர்கள். பில் 4-இல் உளுந்து முதலில் இருக்கிறது, பில் 1-இல் இட்லி அரிசி. வரிசைப்படுத்தாவிட்டால் ஒரே ஜோடி இரண்டு பெயரில் பிரிந்துவிடும்.

படி 3: எண்ணுங்கள்

ஆறு பில்களிலும் சேர்த்து 19 ஜோடிகள் வரும். முதலிடம் இட்லி அரிசி–உளுந்து, 3 தடவை. இட்லி அரிசி–வெந்தயம் 2. இட்லி அரிசி–பால் அதுவும் 2.

கணினியில் எண்ண, பைத்தான் நிரல்மொழியில் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள காம்பினேஷன்ஸும் (ஜோடிகளை எடுத்துத் தரும்), கலெக்‌ஷன்ஸ் தொகுப்பில் உள்ள கவுண்டரும் (எண்ணித் தரும்) போதும். ஒவ்வொரு பில்லையும் செட் ஆக்கி (இரண்டு தடவை வந்தது ஒன்றாகும்), ஸார்டட் செய்து (வரிசைப்படுத்தி), பிறகு காம்பினேஷன்ஸுக்குக் கொடுங்கள்.

படி 4: எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள்

வெந்தயமும் பாலும் இட்லி அரிசியோடு சமமாகவா உறவாடுகின்றன? இல்லை. பால் ஆறில் ஐந்து பில்லில் இருக்கிறது. அது எதோடும் வரும். இதைப் பிரித்துக் காட்டத்தான் லிஃப்ட் என்ற அளவு இருக்கிறது. ஜோடியின் எண்ணிக்கையை மொத்தப் பில்களால் பெருக்கி, இரண்டு பொருள்களின் தனித்தனி எண்ணிக்கைகளின் பெருக்கலால் வகுக்க வேண்டும்.

இட்லி அரிசி–வெந்தயம்: 2 × 6 ÷ (3 × 2) = 2
இட்லி அரிசி–பால்: 2 × 6 ÷ (3 × 5) = 0.8

1-க்கு மேலே போனால், தற்செயலாக வருவதைவிட அதிகமாகச் சேர்ந்து வருகின்றன என்று பொருள். கீழே போனால், குறைவாக. மாவுக்கு ஊறவைக்கிற வீட்டில் வெந்தயமும் சேர்கிறது என்று எண்களே காட்டிக்கொடுப்பது எனக்கு இன்றும் பிடித்த இடம்.

அப்புறம் சர்க்கரை–பிஸ்கட் ஜோடிக்கும் போட்டுப் பாருங்கள். 1 × 6 ÷ (2 × 1) = 3. பட்டியலிலேயே பெரிய லிஃப்ட், ஆனால் ஒரே ஒரு பில்லை வைத்து வந்தது! அதனால் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றை முன்பே வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 2 போதும்.

இந்த வரம்பு வேலையையும் குறைக்கும். 1,000 பொருள்கள் இருந்தால் 4,99,500 ஜோடிகள் சாத்தியம். ஆனால் ஒரு பொருள் தனியாகவே வரம்பைத் தொடவில்லை என்றால், அது சேர்ந்த எந்த ஜோடியும் தொடாது. 1994-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் வெளியிட்ட அப்ரியோரி வழிமுறை இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. நம் கணக்கில் பிஸ்கட்டை முதலிலேயே அடித்துவிடலாம். 19 ஜோடிகள் 17 ஆகிவிடும்.