பழைய மொறிஸ் மைனர்: திரும்பத் திரும்ப விடுகிற பிழைகள்

யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனர் ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலை பெயின்ற். பிறகு குரோமியம், சீற் துணி. கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றப் போகிற தோரணையில் கார் வாசலில் நிற்கும். போனற்றுக்குள் என்ன நடக்கிறதென்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒயில் மாற்றுவது, ரயர் காற்றுப் பார்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுவோம்.

றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர்

இந்த ஒரு பிழைதான் இன்னும் எரிச்சல் தருகிறது. முற்றத்தில் கிணறு இருக்கிறது, வாளி இருக்கிறது, ஊற்றிவிடுகிறார்கள். நம் நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். தேத்தண்ணிக் கேத்திலின் அடியைப் பாருங்கள்: வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். அதே பொருக்குத்தான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் கட்டுகிறது. கடற்கரைப் பக்கக் கிணறென்றால் உப்பும் சேர்ந்து இரும்பைத் தின்னும்.

உதிர்ந்த துருவும் சேறும் புளொக்கின் (எஞ்சினின் இரும்பு உடல்) பின்முனையில், நாலாம் சிலிண்டரைச் சுற்றி அடையும். அங்கே தண்ணீர் ஓடாது. மைனரில் கொம்பனி பூட்டிய வெப்பமானி கிடையாது. அதனால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆனையிறவு தாண்டும்போது ஆவி பறக்கும். "பழைய கார்தானே, சூடாகும்" என்று சொல்லி, மறுபடியும் ஒரு வாளி. கடைசியில் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். புளொக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் காஸ்கெற் போய்விட்டது. ஹெட் வளைந்திருந்தால் லேத்தில் சீவ வேண்டும்.

செய்ய வேண்டியது: எஞ்சின் ஆறிய பிறகு றேடியேற்றரை மட்டுமல்ல, புளொக்கின் பின்முனையிலுள்ள வடிகுழாயையும் திறவுங்கள். தண்ணீர் வராவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லையென்று அர்த்தமில்லை, சேறு அடைத்திருக்கிறது. குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்துங்கள். பழுப்புக் குழம்பு வந்து, பிறகு தெளியும்வரை ஹோஸ் பிடியுங்கள். நிரப்ப ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் போதும்: பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரும், துருத் தடுக்கும் கூலன்ரும்.

ஹெட் கழற்ற நேர்ந்தால், நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக 40 இறாத்தல்-அடிவரை இறுக்குங்கள். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், 0.012 அங்குலம். கொஞ்சம் ஓடிய பிறகு இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் புதுக் காஸ்கெற்றைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

தெர்மோஸ்ராற்றைப் பிடுங்கி எறிவது

எஞ்சின் சூடானதும் திறந்து றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுகிற வால்வு அது. வெயில் நாடு, எதற்கு என்பார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஓடும் வழி மாறி, பின் சிலிண்டர்களுக்குப் போதுமான குளிர்ச்சி கிடைக்காது. 74 பாகைக்குத் திறப்பதை வாங்கிப் போடுங்கள்.

புதுக் காரின் றேடியேற்றர் மூடி

போடாதீர்கள். அது கூடிய அமுக்கத்தைப் பிடித்து வைக்கும்; பழைய றேடியேற்றரின் ஈயப் பற்று அந்த அமுக்கத்தைத் தாங்காது.

பற்றரி

மைனரில் பற்றரியின் கூட்டல் (+) முனைதான் காரின் பொடிக்கு, அதாவது இரும்பு உடலுக்கு, போகும். மாற்றிக் கொடுத்தால் புது றேடியோ கருகும்.

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

1990களில் பெற்றோல் தடைக் காலத்தில் இங்கே பல கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டான சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயரிங் தேயும். வாங்க முன்னர், எஞ்சின் சூடான பிறகு ஒயில் அமுக்கத்தை அளந்து பாருங்கள்.

முன் சில்லு மடிவது

ஸ்ரியறிங் திரும்புகிற கீழ் மரைமூட்டுக்குக் கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு காருக்கடியில் மடிந்து படுக்கும். 1,000 மைலுக்கு ஒரு தடவை, சில்லை ஜக்கில் தூக்கி வைத்து, பழைய கிறீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசை. எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்குங்கள்.