முதல் கச்சேரிக்கு மிருதங்கம்: எடுப்பதும் காப்பதும்

முதல்முறையாக யாராவது உங்களைக் கச்சேரிக்கு வாசிக்கக் கூப்பிட்டால், தேதி, நேரம், இடம் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "சுருதி எத்தனை கட்டை?"

அதைக் கேட்காமல் போய் நான் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கோயில் திருவிழாக் கச்சேரி. என்னிடம் இருந்தது ஒரே மிருதங்கம், பாடம் கற்றுக்கொண்ட 1 கட்டை வாத்தியம். மேடையில் போய் உட்கார்ந்த பிறகுதான் பாடுகிற அக்காவுக்கு 5½ கட்டை என்று தெரிந்தது. கல்லை எடுத்துத் தட்டித் தட்டி ஏற்றினேன். ஒரு கட்டை ஏறுவதற்குள், வலது தோலின் நடுவில் கறுப்பாகப் பூசியிருக்கும் சாதத்தில் ஒரு துண்டு பெயர்ந்து மடியில் விழுந்தது. சுருதி சேராத வாத்தியத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வாசித்தேன். அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் தம்புராவின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

1. கட்டையை முடிவு செய்யுங்கள்

கீபோர்டில் 'சி' 1 கட்டை, 'ஜி' 5 கட்டை. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள்தான் 1½, 2½, 4½ என்று அரைக் கட்டைகள். பாடுகிற ஆண்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டை வரை இருக்கும், பெண்களுக்கு 4½ முதல் 6 வரை. வீணைக் கச்சேரி என்றால் 2½, 3 என்று வரும்.

இந்த வித்தியாசம் மரத்திலேயே இருக்கிறது. 1 கட்டைக்குச் செய்த மிருதங்கம் சுமார் 24 அங்குல நீளம், வாயும் அகலம். இதைத் தக்கு சுருதி வாத்தியம் என்பார்கள். 5 கட்டைக்குச் செய்தது சுமார் 22 அங்குலம், வாய் சின்னது. அது ஹெச்சு சுருதி வாத்தியம். ஒரு வாத்தியத்தை அதன் இயல்பான சுருதியிலிருந்து அரைக் கட்டை ஏற்றலாம், அரைக் கட்டை இறக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் வார் அறும், தோல் கிழியும், சாதம் பெயரும். ரொம்ப இறக்கினால் தோல் தளர்ந்து நாதமே இருக்காது.

ஆக, மேடைக்கு வாசிக்கிறவருக்கு இரண்டு மிருதங்கம் வேண்டும்: 5 கட்டையை ஒட்டி ஒன்று, 1½ கட்டையை ஒட்டி ஒன்று. இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், உங்களைக் கூப்பிடப் போகிறவர்கள் யார் என்று யோசியுங்கள். ஆரம்பத்தில் கூப்பிடுகிறவர்கள் பெரிய வித்வான்கள் அல்ல, உங்களோடு பாட்டு வகுப்புக்கு வந்தவர்கள். அதில் பெண்கள் அதிகம் என்றால் 5 கட்டை வாத்தியத்தை முதலில் வாங்குங்கள். வீட்டில் சாதகம் செய்ய 1 கட்டை சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்களை மேடைக்குக் கொண்டுபோகாது.

2. வாங்கும்போது என்ன பார்ப்பது

மரம் பலா. வைரம் பாய்ந்த பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு. தஞ்சாவூர் வீணைக்கும் அந்த மரம்தான் போகிறது. தூக்கிப் பார்த்து லேசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். நன்றாக முற்றிய மரத்தில் செய்தது கனக்கும். பழைய கட்டை, அதாவது பழைய மரக்கூடு, கிடைத்தால் விடாதீர்கள். இருபது முப்பது வருஷம் காய்ந்த மரம் இனிமேல் எளிதில் வெடிக்காது, அதற்குப் புது மூட்டு (வாயில் பொருத்துகிற, பின்னலோடு கூடிய தோல்) போட்டுக்கொண்டால் போதும்.

வெடிப்பை மெழுகாலும் பாலிஷாலும் மூடி விற்பதும் உண்டு. வெயிலில் கொண்டுபோய் நீளவாக்கில் சாய்த்துப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். மூட்டு மாற்றுகிற சமயத்தில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் விளக்கைப் பிடித்து மறுபக்கம் கண்ணை வைத்தால் உள்ளே இருக்கிற கீறல் தெரிந்துவிடும்.

அப்புறம் வலந்தலை, அதாவது சாதம் இருக்கிற வலது பக்கத் தோல். கைப்பேசியில் தம்புராவை உங்கள் கட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'தின்' வாசித்துக் கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். கார்வை, அதாவது ஒலியின் நீட்சி, நீளமாக நின்று, தம்புராவுக்குள் கரைந்து போக வேண்டும். 'டக்' என்று அறுந்தால் சாதம் தேய்ந்திருக்கிறது, இல்லை தோல் சோர்ந்திருக்கிறது. அடுத்து வாத்தியத்தை நான்கு திசைக்கும் திருப்பித் திருப்பி அதே சொல்லை வாசியுங்கள். நான்கு இடத்திலும் ஒரே சுருதி வர வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கினால் தட்டிச் சரிசெய்துவிடலாம். எவ்வளவு தட்டியும் ஒரு இடம் சேரவில்லை என்றால் அங்கே தோலின் கனம் சரியில்லை, அந்த மூட்டு வேண்டாம்.

குச்சியா கப்பியா என்று கடையில் கேட்பார்கள். தோல்களுக்கு நடுவே மெல்லிய குச்சிகளைச் செருகினால் நாதம் பளீரென்று இருக்கும். கல் துணுக்குகள் போட்ட கப்பி மிருதங்கத்தில் நாதம் இன்னும் மிருதுவாக இருக்கும். இது ரசனை. எனக்குக் கப்பிதான் பிடிக்கும். நீங்கள் இரண்டையும் வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாருக்குப் பதில் இரும்புக் கம்பியும் நட்டும் வைத்த போல்ட் மிருதங்கமும் இருக்கிறது. ஸ்பானர் இருந்தால் தனி ஆளாகச் சுருதியை மாற்றலாம், மூட்டையும் மாற்றலாம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு, பக்கத்தில் வேலை தெரிந்தவர் இல்லாதவர்களுக்கு இது பெரிய வசதி. தமிழ்நாட்டிலேயே இருக்கிறவர்கள் வார் பிடித்ததையே வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். அதன் நாதத்தில் இருக்கிற ஈரம் போல்ட்டில் எனக்குக் கிடைத்ததில்லை.

3. வேலை செய்து தருகிறவரைத் தேடிக்கொள்ளுங்கள்

கடையில் வாங்குவதோடு முடியாது. தோல் வாத்தியத்துக்கு ஆயுள் முழுக்க வைத்தியர் வேண்டும். எங்களுக்கு மிருதங்க வேலை செய்து தருகிற அண்ணன் சாதம் போடுவதை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வெந்த சோற்றையும் கிட்டக்கல் என்ற கறுப்புக் கல்லின் பொடியையும் கையாலேயே பிசைந்து மெழுகு மாதிரி ஆக்கிக்கொள்கிறார். சுண்டைக்காய் அளவு எடுத்துத் தோலின் நடுவில் கட்டைவிரலால் தேய்க்கிறார். வழவழப்பான ஒரு கல்லால் அதை இழைக்கிறார், சூடு ஏறி ஈரம் போகிறவரைக்கும். அதன்மேல் இன்னொரு படை, மறுபடி கல். ஒவ்வொரு படைக்கும் விரலால் சுண்டிக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். பாட்டு வகுப்புக்குப் போனதில்லை என்று சொல்கிற மனிதர், "அரைக்கால் இறங்குது தம்பி, இன்னும் ரெண்டு படை வேணும்" என்கிறார். தம்புராவை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.

அதனால் கூலியில் பேரம் பேசாதீர்கள். கச்சேரிக்கு முதல் நாள் ராத்திரி போய் நிற்காதீர்கள். புதுச் சாதம் படிய நாள் வேண்டும். போட்டுக்கொண்டு வந்து நாலைந்து நாள் வீட்டில் வாசியுங்கள், சுருதி இறங்கும், ஏற்றுங்கள், மறுபடி இறங்கும். அது நிலைத்த பிறகு மேடைக்குக் கொண்டுபோங்கள்.

4. வீட்டில்

மிருதங்கத்துக்குப் பகை இரண்டு: ஈரமும் பூச்சியும். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வறண்ட காற்றில் இறுகி ஏறும். எனவே ஜன்னலோரம் வேண்டாம், குளியலறைச் சுவரோரம் வேண்டாம், ஏசி காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம். தரையில் வைக்காமல் பலகை மேலோ தடித்த துணி மேலோ படுக்கவைத்து உறையைப் போட்டுவையுங்கள். மழைக்காலத்தில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடலாம்.

பூச்சி எதற்கு வருகிறது? தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், வாசிப்பதற்காக அப்பிய ரவைக்கு. துடைக்காமல் வைத்தால் கரப்பான் வரும், எலியும் வரும். அவற்றுக்கு ரவை எது, தோல் எது என்று தெரியாது.

5. வழியில்

பஞ்சு அல்லது ஃபோம் வைத்துத் தைத்த உறை கட்டாயம். இரண்டு வாயையும் மூடுகிற அளவுக்கு வட்டமாகக் கனத்த அட்டையோ ரப்பரோ வெட்டி உறைக்குள் வையுங்கள். பேருந்தில் யாருடைய பெட்டி மூலையாவது இடித்தால் அந்த அட்டை வாங்கிக்கொள்ளும். மழைக்கு உறை மேல் ஒரு பிளாஸ்டிக் பை.

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாப்பிட்டு வருகிற அரை மணி நேரத்தில் தோல் இறுகிச் சாதம் விரிசல் விட்டுவிடும். எனக்குத் தெரிந்து மேடையில் கெட்ட வாத்தியங்களைவிடக் காரில் கெட்டவை அதிகம். ரயிலில் மேல் பெர்த் எடுத்து, தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் சாமானோடு அனுப்புவதானால் கெட்டியான ஃபைபர் பெட்டி வேண்டும், உள்ளே அசையாதபடி துணி அடைக்க வேண்டும். தட்டுகிற கல்லையும் சுத்தியையும் அந்தப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

6. அரங்கத்தில்: ஒரு மணி நேரம் முன்னால்

சேர்ந்தவுடன் உறையைக் கழற்றி, கச்சேரி நடக்கப் போகிற அதே காற்றில் வாத்தியத்தை வையுங்கள். இதைச் செய்யாததால்தான் பலர் இரண்டாவது பாட்டிலேயே கல்லைத் தேடுகிறார்கள். மார்கழியில் சென்னை சபாவில் வெளியே ஈரம், உள்ளே ஏசியின் வறட்சி. வெளியே சேர்த்த சுருதி உள்ளே போனதும் ஏறத் தொடங்கும். திருவையாறு ஆராதனை மாதிரி காவிரிக்கரைப் பந்தலில் விடியற்காலையில் வாசித்தால் நேர்மாறு, பனியில் இறங்கும். தோல் அந்த இடத்துக்குப் பழக அரை மணி நேரமாவது கொடுங்கள்.

அதற்குள் தொப்பியைக் கவனிக்கலாம். ரவையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசையுங்கள். தோலின் நடுவை ஈர விரலால் நனைத்து, ரவையை வட்டமாக அப்பி ஓரத்தை மெலிதாக இழையுங்கள். ரவை கூடினால் தொப்பி இறங்கும், குறைந்தால் ஏறும். கச்சேரி நடுவில் காய்ந்து வந்தால் ஒரு விரல் தண்ணீர் போதும். அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தை வலது பக்கம் வைக்காதீர்கள். சாதத்தில் ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது.

பிறகு வலந்தலை. மூட்டில் 16 கண் (வார் கோத்திருக்கிற இடம்) இருக்கிறது. மேலிருந்து கட்டையை நோக்கித் தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து வெளிப்பக்கம் தட்டினால் இறங்கும். முதலில் எதிரெதிராக நான்கு இடத்தைச் சேருங்கள், அப்புறம் நடுவில் இருக்கிறவற்றைச் சேருங்கள். ஒரே இடத்தில் ஓங்கித் தட்டாதீர்கள். நாலு சின்னத் தட்டு, கேளுங்கள், மறுபடி இரண்டு. தட்டுகிற இடம் பின்னலாக இருக்கட்டும், தோலில் கல் படவே கூடாது. சுருதிப் பெட்டி கூட்டத்தில் காதில் விழாது என்றால் பாடகரின் தம்புராவுக்கு அருகில் போய் உட்கார்ந்து சேருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவது மிருதங்கம் இருந்தால் அதையும் சேர்த்துப் பக்கத்திலேயே வையுங்கள். இல்லையென்றால் கூட வாசிக்கிற நண்பரிடம் இரவல் கேளுங்கள். எல்லோரும் அப்படி இரவல் வாங்கித்தான் ஆரம்பித்தோம்.

7. மைக்

வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஒரு சாண் தூரம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒட்டி வைத்தால் தொப்பி 'தும் தும்' என்று இரையும், தொப்பியில் கையை வழுக்கி எழுப்புகிற கும்கி கேட்கவே கேட்காது. ஒலி சரிபார்க்கும்போது ஏதோ நாலு அடி அடித்துக் காட்டாமல், தனி ஆவர்த்தனத்தில் வாசிக்கிற அளவு பலத்தோடு ஒரு தீர்மானம் (மூன்று முறை வாசித்து முடிக்கிற முடிப்பு) வாசித்துக் காட்டுங்கள். ஸ்டாண்ட் உங்கள் முழங்காலில் இடிக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. முடிந்ததும்

பாராட்ட வருகிறவர்களிடம் இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டு, முதலில் ரவையைச் சுரண்டி எடுங்கள். கத்தி வேண்டாம், தேங்காய் ஓட்டுத் துண்டோ பழைய பிளாஸ்டிக் அட்டையோ போதும். பிழிந்த ஈரத்துணியால் தொப்பியைத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். வலந்தலையில் கை வியர்வை இருக்கும், அதைக் காய்ந்த துணியால் மட்டும் ஒற்றி எடுங்கள். ரொம்ப ஏற்றி வாசித்திருந்தால் கீழிருந்து நாலு தட்டு தட்டித் தோலைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். தொப்பி காயக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை உறையைப் போடாமல் மேடையோரம் படுக்கவைத்துவிட்டு, வந்தவர்களிடம் போய்ப் பேசுங்கள்.