வண்டி இடித்தால் முதல் படம் தள்ளி நின்று

நகரத்தில் கார் இடித்ததும் எல்லோரும் நசுங்கிய பம்பரைத்தான் படமெடுக்கிறார்கள். அது செலவைச் சொல்லும், தப்பு யாருடையது என்று சொல்லாது. யாருக்கும் அடிபடவில்லை என்றால், ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, வண்டியை நகர்த்தும் முன் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள்: சிக்னல், லேன் கோடு, டயர் தேய்ந்த தடம், இரண்டு கார்களும் நிற்கும் கோணம். பொதுவாகப் பின்னால் இடித்தவர் மீதுதான் பழி விழும். முன்னால் இருந்தவர் திடீரெனக் குறுக்கே புகுந்திருந்தால் அந்தக் கோணம்தான் சாட்சி. பக்கத்துக் கட்டட கேமராப் பதிவை அன்றே கேளுங்கள், பழையது அழிந்துகொண்டே வரும். அப்புறம், பதற்றத்தில் "என் தப்புதான்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பல பாலிசிகளிலேயே நிபந்தனை உண்டு.