எமோஜியும் ஓர் எழுத்துதான்: வலைப்பக்கத்தில் இடும் முறை

எமோஜி வேண்டுமென்றால் படக் கோப்பைத் தேடிப் பதிவிறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையே இல்லை. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் நம் 'அ'வுக்கு 2949 என்ற எண் இருப்பதுபோல 👍 குறிக்கு 128077. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல் எதுவும் புதிராகத் தெரியாது.

1. தட்டச்சு செய்ய: விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸ் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்துங்கள். மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

2. வலைப்பக்கத்தில் இட: கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் (யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறை) சேமித்து, தலைப்பகுதியிலுள்ள மெட்டா குறிச்சொல்லிலும் அதையே அறிவியுங்கள். பிறகு எமோஜியை நேரடியாக ஒட்டலாம். எண்ணாகவும் எழுதலாம்:

👍

இதயத்துக்கு மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. ❤ என்று மட்டும் எழுதினால் சில இடங்களில் கறுப்பு இதயம் வந்து நிற்கும். சிவப்பு வேண்டுமானால், 'வண்ண வடிவில் காட்டு' என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறியையும் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும்:

❤️

3. தரவுத்தளத்தில் சேமிக்க: என்னை அரைநாள் அலைக்கழித்த இடம் இது. தமிழ் வரிகள் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டன. எமோஜி மட்டும் '?' ஆகிவிட்டது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், 👍 போன்றவை 4 பைட். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய 'யூடிஎஃப்8' (utf8) அமைப்போ 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. பெயரை நம்பி ஏமாந்தேன். அட்டவணை, இணைப்பு இரண்டையும் 'யூடிஎஃப்8எம்பி4' (utf8mb4) என்று மாற்றியதும் சரியானது.

4. எல்லாத் திரையிலும் ஒரே உருவம் வராது. எண் பொது, வரைவது அந்தந்த நிறுவனம். ஆப்பிள் 2016இல் துப்பாக்கி எமோஜியை நீர்த்துப்பாக்கியாக மாற்றியபோது, மற்றவர்கள் திரையில் நிஜத் துப்பாக்கியே இருந்தது. பொருள் மாறக்கூடாத இடத்தில் சொல்லையே எழுதிவிடுங்கள்.

5. திரைவாசிப்பான் வைத்துக் கேட்டுப் பாருங்கள். பார்வையற்றவர்களுக்கு அது ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் வாசிக்கும். 👏👏👏👏👏 என்று போட்டால் 'கைதட்டும் கைகள்' என்பதை ஐந்து முறை கேட்க நேரலாம். ஒன்று போதும், அதுவும் வாக்கியத்தின் கடைசியில். வெறும் அலங்காரமென்றால் எமோஜியைச் சுற்றியுள்ள குறிச்சொல்லுக்கு 'ஏரியா-ஹிடன்' (aria-hidden="true") பண்பைக் கொடுங்கள். திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்.