ஈத்தம்பழம் உடைத்த பைல்: எக்ஸ்எம்எல்லைச் சரிபார்ப்பதும் பிழையைக் கையாள்வதும்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு, சீனி, வெங்காயம், உலர்பழம் என்று மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான். விற்பனைப் பொடியன்கள் பகலில் எடுத்து வரும் ஓடர்களை இரவு பத்தரைக்கு ஒரே எக்ஸ்எம்எல் பைலாக (ஒவ்வொரு தரவுக்கும் முன்னும் பின்னும் டேக் என்ற பெயர்ச்சீட்டு ஒட்டும் வடிவம்) கட்டி, பேலியகொடைக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே நான் எழுதிய இன்னொரு நிரல் அதைப் படித்து, லொறிக்கு லொறி ஏற்றுப் பட்டியல் அச்சடிக்கும். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை.

நோன்பு தொடங்க மூன்று நாள் இருந்தது. விடிய ஐந்தே காலுக்கு, வெள்ளவத்தையில் நல்ல நித்திரையில் இருந்த எனக்குக் கணக்குப்பிள்ளை ஐயாவிடமிருந்து அழைப்பு. "தம்பி, பட்டியல் வெறும் தாளா வருது. லொறி எல்லாம் நிக்குது. நாட்டாமைமார் பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு நிக்கினம்."

காரணம் ஈத்தம்பழம். நோன்பு நெருங்கியதும் முதல் தடவையாக அதற்கு ஓடர் வந்திருந்தது. அந்தக் கடையின் பொருள் பட்டியல் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் கொம்பியூட்டர் சேமிப்பது தமிழ் எழுத்தை அல்ல, ஆங்கில விசையை. எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் போடுகிறது. அதில் 'ஈ' இருக்கும் இடம் < குறி. எக்ஸ்எம்எல்லில் < வந்தால் புதிய டேக் தொடங்குகிறது என்று அர்த்தம். அதற்கு அடுத்த 'த்' பாமினியில் ஜே எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். ஆகவே என் நிரல் ஈத்தம்பழத்தை ஜே என்ற டேக்காக நினைத்துத் திறந்து, அரைப்புள்ளியில் முட்டி, அதன் முடிவைக் காணவில்லை என்று நின்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கு முன் அவர்கள் சிஎஸ்வி பைல்தான், அதாவது விவரங்களைக் காற்புள்ளி போட்டுப் பிரிக்கும் பைல்தான், அனுப்பினார்கள். பாமினியில் 'இ' இருக்கும் இடம் காற்புள்ளி. இஞ்சி வரும் வரிகளில் எல்லாம் விலை ஒரு கட்டம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. அந்தத் தொல்லைக்காகத்தான் எக்ஸ்எம்எல்லுக்கு மாறினோம். இஞ்சிக்குத் தப்பி ஈத்தம்பழத்தில் மாட்டினோம்.

ஆனால் பாமினியை மட்டும் குறை சொல்ல முடியாது. டேக்கையும் பெயரையும் வெறும் எழுத்துச் சரங்களாக ஒட்டி எக்ஸ்எம்எல் கட்டியது நான். படிக்கும் பக்கத்தில் எந்தப் பிழை வந்தாலும் பிடித்து, "ஏதோ பிழை" என்று யாரும் திறந்து பார்க்காத ஒரு பதிவுப் பைலில் எழுதிவிட்டு நகரும்படி செய்ததும் நான். அன்று காலை முழுக்கக் கையால் பட்டியல் எழுதினோம். அதன் பிறகு நான் மாற்றிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பைதானில், வேறு மொழி என்றாலும் வேலை இதேதான்.

இரண்டு கேள்விகள், தனித்தனியாக

எக்ஸ்எம்எல் பைல் ஒன்று வந்தால் முதல் கேள்வி: இது எக்ஸ்எம்எல்தானா? திறந்த டேக் எல்லாம் மூடியிருக்கிறதா, ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக இருக்கிறதா, < & குறிகள் தப்பான இடத்தில் இல்லையா? 1998 பெப்ரவரியில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதி இதில் மிகக் கறார். இங்கே பிழை இருந்தால் (இதைத் தொடரியல் பிழை என்பேன்) படிக்கும் நிரல் வழமையான வேலையைத் தொடரவே கூடாது. இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் பிரவுசர் எதையாவது ஊகித்துச் சமாளிக்கும். இங்கே அந்தத் தயவு கிடையாது.

இரண்டாவது கேள்வி: எக்ஸ்எம்எல் சரி, ஆனால் நாம் ஒப்புக்கொண்ட வடிவத்தில் இருக்கிறதா? தொகை இருக்க வேண்டிய இடத்தில் தொகை, திகதிக்குத் திகதி. இதைப் பார்க்கத்தான் ஸ்கீமா, அதாவது பைலின் வடிவத்துக்கான விதிப் பட்டியல். அதை எழுத நான் எக்ஸ்எஸ்டி என்ற மொழியைப் பயன்படுத்துகிறேன்.

இந்த இரண்டையும் ஒரே பிழையாகப் பிடிக்காதீர்கள். முதலாவது உடைந்தால் தப்பு பெரும்பாலும் நிரல் எழுதியவனுடையது. இரண்டாவது உடைந்தால் பெரும்பாலும் தரவு போட்டவருடையது. செய்தி போக வேண்டிய ஆள் வேறு.

எழுதும் பக்கத்தை முதலில் திருத்துங்கள்

எக்ஸ்எம்எல்லை ஒருபோதும் சரம் ஒட்டிக் கட்டாதீர்கள். எல்எக்ஸ்எம்எல் போன்ற பைதான் நூலகத்திடம் "இந்த உறுப்புக்குள் (டேக் திறந்து மூடும் பகுதி) இந்த எழுத்து" என்று கொடுத்தால், < & எல்லாவற்றையும் அதுவே பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்றிவிடும். 'உள்ளே இருப்பது வெறும் எழுத்து, டேக் அல்ல' என்று சொல்லும் சிடேட்டா பகுதிக்குள் போட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ]]> என்று வந்தால் அதுவும் உடையும். பாமினியில் ] என்பது 'ஸ'. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கவனிக்க வேண்டியது, இப்படித் திருத்தினால் பைல் உடையாது, ஆனால் களஞ்சியத்தில் பெயர் இன்னும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போய்ச் சேரும். சரிபார்ப்பு பச்சை விளக்குக் காட்டும், தரவு தப்பாக இருக்கும். அதனால் பொருள் பட்டியலை, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றினேன். அதோடு ஸ்கீமாவில், பொருள் பெயரில் குறைந்தது ஒரு தமிழ் எழுத்தாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்தேன். இப்போது ஓடர் இப்படி இருக்கும்:

<ஓடர் இலக்கம்="1147">
  <பொருள்>ஈத்தம்பழம்</பொருள்>
  <மூடை>12</மூடை>
  <தொகை>86500.00</தொகை>
  <திகதி>2024-03-08</திகதி>
</ஓடர்>

டேக் பெயர் தமிழில் இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. விதி அனுமதிக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயாவே பைலைத் திறந்து வாசிக்கிறார், எனக்குத் தொலைபேசி அழைப்பு பாதியாகக் குறைந்தது.

பைலின் தலைப்பில் ஒரு சின்னப் பொறி. எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி இருந்தால் அது முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும். முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலே பைல் போச்சு. கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் ஆளை அலைய வைக்கும்.

ஸ்கீமா எழுதும்போது

எக்ஸ்எஸ்டியின் திகதி வகை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையை மட்டும் ஏற்கும். தசம எண் வகை காற்புள்ளியை ஏற்காது. நம் ஆட்கள் 86,500.00 என்றும் 8/3/2024 என்றும்தான் போடுவார்கள். இரண்டையும் ஸ்கீமாவில் தளர்த்தாதீர்கள். தரவு உள்ளிடும் திரையில் திருத்துங்கள்.

லொறிச் சாரதியின் அடையாள அட்டை இலக்கமும் பைலில் போகிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் பின்னால் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வரும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இதை எக்ஸ்எஸ்டியின் வடிவ விதியில் எழுதலாம். ஆனால் எழுத்து வடிவம் தேட மற்ற மொழிகளில் எழுதும் ரெஜெக்ஸ் பழக்கத்தில் தொடக்கத்தில் ^, முடிவில் $ போட்டேன், ஒரு இலக்கமும் தேறவில்லை. எக்ஸ்எஸ்டியில் விதி எப்போதும் முழு மதிப்புக்கும் பொருந்த வேண்டும், அந்த இரண்டு குறிகளும் அங்கே வெறும் எழுத்துகள். அடிப்படை வகையாக ஸ்ட்ரிங்குக்குப் பதில் டோக்கன் எடுங்கள். அப்போது முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளிகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அதே இலக்கத்தில் பிறந்த நாளும் ஒளிந்திருக்கிறது. ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். ஆகவே 400 என்று வந்தால் யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கணக்கை எக்ஸ்எஸ்டிக்குள் திணிக்க வேண்டாம். ஸ்கீமா தேறிய பிறகு சாதாரண நிரலில் நாலு வரி போதும்.

நேம்ஸ்பேஸ், அதாவது டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரி, பற்றி ஒன்று மட்டும். "வேர் உறுப்புக்கு அறிவிப்பு இல்லை" என்ற மாதிரிச் செய்தி வந்து, ஸ்கீமாவில் அந்த உறுப்பு கண்முன்னால் இருந்தால், பைலின் நேம்ஸ்பேஸும் ஸ்கீமாவின் நேம்ஸ்பேஸும் ஒன்றல்ல என்று அர்த்தம். முதலில் அதைப் பாருங்கள். நான் பார்க்காமல் ஒரு பின்னேரம் முழுவதையும் தொலைத்தேன்.

நிரல் எழுதுமுன் எக்ஸ்எம்எல்லின்ட் கருவியில் ஸ்கீமாவையும் மாதிரிப் பைலையும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். கருவி முடியும்போது தரும் எண் 0 என்றால் சரி. 5 என்றால் தப்பு பைலில் இல்லை, உங்கள் ஸ்கீமாவில்.

பிழையைப் பிடிக்கும் இடம்

பைதானோடு வரும் எலிமென்ட்ட்ரீ நூலகம் ஸ்கீமாவைக் கொண்டு பைலைச் சரிபார்க்காது, எல்எக்ஸ்எம்எல் வேண்டும். ஸ்கீமாவை நிரல் தொடங்கும்போதே ஒரு தடவை ஏற்றி வையுங்கள். அது ஏறாவிட்டால் நிரல் எழும்பவே கூடாது. பைலைப் படிப்பதற்குத் தனி ட்ரை (பிழை வந்தால் பிடிக்கும் பகுதி). அதில் தொடரியல் பிழையை மட்டும் பிடியுங்கள். அடுத்தது ஸ்கீமாச் சரிபார்ப்பு. இங்கே வாலிடேட் என்ற செயல்பாடு பிழை எறியாது, சரியா இல்லையா என்று மட்டும் திருப்பிச் சொல்லும். திருப்பிச் சொன்னதைப் பார்க்காமல் விட்டால் எல்லாப் பைலும் தேறும். பிழை எறிய வேண்டும் என்றால் அசர்ட்வாலிட். ஜாவாக்காரர்களுக்கும் இதே குழி உண்டு: டிஃபோல்ட்ஹேண்ட்லரின் எரர் செயல்பாடு உள்ளே காலி. நீங்களே எழுதாவிட்டால் ஸ்கீமாப் பிழை சத்தமில்லாமல் கடந்து போகும்.

எல்எக்ஸ்எம்எல்லில் ரிகவர் என்ற ஒரு வசதியும் இருக்கிறது. உடைந்த பைலையும் ஊகித்து ஒட்டவைத்துக் கொடுக்கும். இணையப் பக்கத்தைத் துருவுகிறவர்களுக்கு நல்லது. மூடைக் கணக்கிலும் காசுக் கணக்கிலும் ஊகிக்கும் நிரலை நான் நம்பமாட்டேன்.

வெளியாரிடமிருந்து பைல் வந்தால் எண்டிட்டிகளை (படிக்கும்போது வேறு உள்ளடக்கமாக விரியும் சுருக்கப் பெயர்கள்), வெளியே இருந்து எடுப்பவையோ பைலுக்குள்ளேயே இருப்பவையோ, விரிக்காதபடி மூடிவிடுங்கள். ஒரு கிலோபைட்டுக்கும் குறைந்த பைல், ஒன்றுக்குள் ஒன்று பத்துப் பத்தாகப் பெருகும் எண்டிட்டிகளால் நூறு கோடி தடவை விரிந்து நினைவகத்தைத் தின்னும். பில்லியன் லாஃப்ஸ் என்பார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை.

இனி வரி எண்கள். பிழைச் செய்தியில் வரும் வரி எண்ணைப் பெரிய பைலில் கண்ணை மூடி நம்பாதீர்கள். எல்எக்ஸ்எம்எல்லுக்கு அடியில் இருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 பல காலம் வரி எண்ணைப் 16 பிட்டில்தான் வைத்திருந்தது. 65535 தாண்டினால் எல்லாப் பிழையும் அந்த ஒரே வரியில் நடந்ததாகச் சொல்லும். போதாக்குறைக்கு, சில நிரல்கள் முழுப் பைலையும் ஒரே வரியில் எழுதும். அதனால் நான் முதலில் முழுப் பைலையும் சரிபார்க்கிறேன். தேறாவிட்டால் ஓடர் உறுப்பு ஒவ்வொன்றையும் தனியாக அதே ஸ்கீமாவிடம் கொடுக்கிறேன். ஸ்கீமாவில் ஓடரை மேல்மட்ட உறுப்பாக அறிவித்திருந்தால் இது வேலை செய்யும். இப்போது கையில் இருப்பது வரி எண் அல்ல, ஓடர் இலக்கம்.

ஒரு ஓடருக்கு முதல் பிழையை மட்டும் காட்டுகிறேன். ஒரே தப்பிலிருந்து மூன்று செய்திகள் கிளம்புவது வழமை. மூன்றையும் காட்டினால் வாசிப்பவர் மூன்று தப்புத் தேடுவார்.

தேறாத ஓடர்கள் 'ஒதுக்கியவை' என்ற போல்டருக்குப் போகும், மற்றவை லொறி ஏறும். காசு போகும் பைலில் இப்படிச் செய்ய மாட்டேன். அங்கே ஒன்று பிழைத்தாலும் முழுப் பைலும் திரும்பும். வெங்காயம் ஒரு நாள் பிந்திப் போகலாம், வங்கிக் கணக்கில் பாதிப் பட்டியல் ஏறக்கூடாது.

கடைசியில் செய்தி. ஸ்கீமா சொல்வதை அப்படியே கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு அனுப்பிய முதல் வாரம் அவர் என்னிடம் கேட்டது: "தம்பி, 'பேசட்' எண்டா என்ன சாமான்?" அன்றிரவு உட்கார்ந்து, அடிக்கடி வரும் பதினொரு பிழை வகைக்கும் தமிழில் ஒவ்வொரு வசனம் எழுதினேன். "ஓடர் 1147: தொகையில் காற்புள்ளி இருக்கிறது. எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்." பட்டியலில் இல்லாத பிழை வந்தால் மூலச் செய்தி எனக்கு மட்டும் வரும், அவருக்கு "ஓடர் 1147 நிற்கிறது, தம்பி பார்க்கிறார்" என்று போகும். தொடரியல் பிழை என்றால் அவருக்குச் சொல்லவே தேவையில்லை. இரவு பத்தரைக்கே என் தொலைபேசி அலறும், விடியும்வரை எனக்கு நேரம் இருக்கும்.

உடைந்த பைல் எதையும் நான் அழிப்பதில்லை. எல்லாம் ஒரு போல்டரில், சோதனை நிரலோடு சேர்ந்து கிடக்கின்றன. நிரலில் ஒரு வரி மாற்றினாலும் அத்தனை பைலையும் கொடுத்து, ஒவ்வொன்றும் அதற்குரிய பிழையோடுதான் விழுகிறதா என்று பார்க்கிறேன். இப்போது முப்பத்தொன்று இருக்கின்றன. முதலாவதின் பெயர் ஈத்தம்பழம்.