மணிக்கு எவ்வளவு கேட்பது? பெங்களூரில் ஃப்ரீலான்ஸ் தொடங்குபவர்களுக்கு ரேட் ஒப்பிடும் முறை

பெங்களூரில் இரண்டு வெப் டிசைனர்களிடம் ஒரே வேலைக்கு ரேட் கேட்டால், ஒருவர் மணிக்கு 300 ரூபாய் என்பார், இன்னொருவர் 1,500 என்பார். இரண்டுமே நியாயமான ரேட்டாக இருக்கலாம். புதிதாக இறங்குபவர்கள் நடுவில் ஒன்றைப் பிடித்து "சரி, 600" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த 600 எப்படி வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் கிளையண்ட் பேரம் பேசியதும் 400-க்கு இறங்கிவிடுகிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் பக்கமிருந்து இங்கே வரும் திறமையான பிள்ளைகள் இப்படி விலை போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. ஒரு நோட்டும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: உங்கள் அடிமட்ட ரேட்

அடுத்தவர் வாங்குவதைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் தொழில் செலவு: இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா, யுபிஎஸ், சில வருடம் கழித்து மாற்ற வேண்டிய லேப்டாப்புக்கு மாதாமாதம் ஒதுக்கும் தொகை. கம்பெனியில் இருப்பவருக்கு பிஎஃப், மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு லீவு எல்லாம் கிடைக்கும். நமக்கு அதையெல்லாம் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே அதுவும் செலவுக் கணக்கில்தான் வரும்.

ஒரு உதாரணத்துக்கு, எல்லாம் சேர்த்து மாதம் 60,000 என்று வையுங்கள். வருடத்துக்கு 7,20,000. வாரத்துக்கு 40 மணி நேரம், 52 வாரம், ஆக 2,080 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 346 ரூபாய். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவீர்கள், காய்ச்சலில் படுப்பீர்கள், வேலையே வராத வாரமும் இருக்கும். ஆறு வாரம் கழித்தால் 46. ஒரு நாளின் எட்டு மணி நேரத்திலும் கிளையண்ட் போன், கொட்டேஷன் எழுதுவது, பாக்கியைக் கேட்டு அலைவது, புதிதாகக் கற்பது எல்லாம் அடக்கம். பில் போடக்கூடிய நேரம் ஐந்து மணி இருந்தாலே பெரிய விஷயம். 46 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி என்றால் 1,150 மணி நேரம். 7,20,000-ஐ இதால் வகுத்தால் 626 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இதற்குக் கீழே போனால் கைக்காசைப் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

படி 2: மற்றவர்களின் ரேட்டைச் சேகரியுங்கள்

குறைந்தது மூன்று வகை ஆட்களிடமிருந்து விவரம் வேண்டும்: உங்களைப் போன்ற புதியவர், சில வருடம் அனுபவம் உள்ளவர், ஒரு சிறிய ஏஜென்சி. ஆன்லைன் தளங்களில் ரேட் வெளிப்படையாகவே இருக்கும். ஆனால் அது கேட்கும் ரேட். எத்தனை பேர் அதைக் கொடுக்கிறார்கள் என்பது தனிக் கதை. அதனால் முடித்த வேலைகளும் விமர்சனங்களும் உள்ளவர்களின் ரேட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரில் கேட்கும்போது "அண்ணா, நீங்க எவ்வளவு வாங்குறீங்க?" என்று கேட்காதீர்கள். வருமானத்தைக் கேட்பது போல இருக்கும், மழுப்பிவிடுவார்கள். "அண்ணா, அஞ்சு பக்க வெப்சைட், போட்டோ எல்லாம் அவங்களே குடுத்துடுவாங்க, ரெண்டு தடவை கரெக்ஷன். உங்ககிட்ட வந்திருந்தா எவ்வளவு சொல்லியிருப்பீங்க?" என்று கேளுங்கள். வேலையைச் சொல்லிக் கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள், எத்தனை நாள் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

படி 3: எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. படியும் மரக்காலும் கலந்து அளந்த நெல் மாதிரி ஆகிவிடும். நாம் பார்க்க வேண்டிய ஒரே எண், செலவழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கைக்கு வந்த ரூபாய்.

முதலில் தளத்தின் கமிஷன். ஃப்ரீலான்ஸ் வேலை கிடைக்கும் ஃபைவர் தளத்தில் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் போய்விடும். 1,000 ரூபாய் வேலைக்குக் கையில் 800. அதே மாதிரித் தளமான அப்வொர்க்கில் 2025 மே மாதத்திலிருந்து ஒப்பந்தத்தைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை பிடிக்கிறார்கள். டாலரில் வருவதை ரூபாயாக மாற்றும்போது வங்கியோ பணப் பரிமாற்றச் சேவையோ கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆகவே டாலர் ரேட்டை கூகுளில் காட்டும் மாற்று விலையால் பெருக்காதீர்கள். கணக்கில் வந்து விழுந்த தொகையைப் பாருங்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். இந்த மாதிரி வேலைகளுக்குப் பொதுவாக வரி 18 சதவீதம். ஒருவர் "1,000, ஜிஎஸ்டி உட்பட" என்றால் அவருடைய உண்மையான ரேட் 847 ரூபாய்தான். "1,000, ஜிஎஸ்டி தனி" என்பவருக்கு முழு ஆயிரமும் கிடைக்கும், கிளையண்ட் 1,180 கட்டுவார். கிளையண்டும் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்தால் அந்த 180-ஐ அவர் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத சின்னக் கடைக்காரருக்கு அது முழுச் செலவு. ஆகவே ஆளைப் பார்த்து ரேட்டை ஒப்பிடுங்கள். நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் பில்லில் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது.

டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி, வேறு. கம்பெனி கிளையண்டுகள் தொழில்முறைச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். இது உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டப்படும் வரி. ரிட்டர்ன் தாக்கல் செய்து கணக்கு முடிக்கலாம், நஷ்டம் இல்லை. ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. மாத வாடகைக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம், எல்லோரும் மணிக்கணக்கில் வாங்குவதில்லை. மொழிபெயர்ப்பாளர் வார்த்தைக் கணக்கு, வீடியோ எடிட்டர் நிமிடக் கணக்கு, போட்டோகிராஃபர் நாள் கணக்கு. கன்னடத்திலிருந்து தமிழுக்கு வார்த்தைக்கு 1.50 ரூபாய் என்று ஒரு வேலை வருகிறது என்று வையுங்கள். எட்டு மணி நேரத்தில் 2,000 வார்த்தை முடிப்பீர்கள் என்றால் மணிக்கு 250 வார்த்தை, அதாவது 375 ரூபாய். மருத்துவக் கையேடு மாதிரி கடினமாக இருந்து மணிக்கு 150 வார்த்தைதான் ஓடும் என்றால் 225 ரூபாய். வார்த்தை ரேட் ஒன்றுதான், கூலி அடியோடு மாறிவிட்டது.

கடைசியாகப் பணம் வரும் நாள். ஒரு வாரத்தில் வரும் 700, மூன்று மாதம் இழுத்தடித்து வரும் 800-ஐ விட நல்லது. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், செய்து வையுங்கள். குறு, சிறு தொழில்களுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பாக்கி கேட்கும் கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம்.

படி 4: வித்தியாசம் எதனால்?

இவ்வளவு கழித்த பிறகும் 500-க்கும் 1,200-க்கும் இடைவெளி இருந்தால், அதற்குக் காரணம் இருக்கும். ஓசூரில் சொந்த வீட்டில் உட்கார்ந்து வேலை செய்பவரின் அடிமட்ட ரேட், பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட்டில் வாடகை கொடுப்பவரின் ரேட்டை விடக் குறைவாகத்தான் இருக்கும். அனுபவம், அவசரம், பொறுப்பு எல்லாம் ரேட்டை ஏற்றும். வெப்சைட்டில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே இணைத்துக் கொடுப்பவர் நடுராத்திரியில் அது நின்றாலும் போனை எடுக்க வேண்டும். லோகோ வரைந்து கொடுப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

கிளையண்டின் பக்கமிருந்தும் பாருங்கள். சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஆன்லைன் கேட்டலாக் போட நினைக்கிறார். மணிக்கு 500 கேட்பவர் 20 மணி நேரம் எடுத்தால் 10,000. 900 கேட்பவர் 9 மணி நேரத்தில் முடித்தால் 8,100. ரேட் அதிகம், பில் குறைவு. இதை அவரிடம் எடுத்துச் சொல்லத் தெரிந்தால் "உங்க ரேட் ஜாஸ்தி" என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். ஆனால் வேகமாக முடிப்பவருக்கு இந்தக் கணக்கில் வருமானம் குறைகிறது, கவனித்தீர்களா? அதனால் என் அபிப்பிராயம் இதுதான்: மணி ரேட்டை உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கை ஓட ஓட கிளையண்டுக்கு முழு வேலைக்குமான தொகையைச் சொல்லுங்கள்.

படி 5: எழுதி வைத்து, கேளுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் நேரத்தைக் குறியுங்கள், எக்செல் போதும். போன் பேசிய அரை மணி, மூன்றாவது கரெக்ஷன், எல்லாவற்றையும். முடிந்ததும் கைக்கு வந்த பணத்தை மொத்த மணியால் வகுங்கள். வந்த எண் படி 1-இல் போட்ட அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால் அடுத்த கொட்டேஷனில் ரேட்டை ஏற்றுங்கள், அல்லது கரெக்ஷன் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பழைய கிளையண்டுகளுக்கு ஏப்ரலில், புது நிதியாண்டோடு ரேட்டை மாற்றுவது வசதி. மார்ச் தொடக்கத்திலேயே ஒரு செய்தி அனுப்புங்கள். சாக்குப்போக்கு, மன்னிப்பு எதுவும் வேண்டாம்: "வணக்கம் சார். ஏப்ரல் 1 முதல் என் ரேட் மணிக்கு 750 ரூபாய். இப்போது நடக்கும் வேலைக்குப் பழைய ரேட்தான். புது வேலைகளுக்கு 40 சதவீதம் அட்வான்ஸ், இரண்டு முறை கரெக்ஷன் சேர்த்து. சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்."