முந்தி முடித்துவிடும் மாணவிக்கு ஒரு தனிக் கற்றல் திட்டம்

ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில், மற்றவர்கள் இரண்டாம் கணக்கில் இருக்கும்போதே பத்தையும் முடித்துவிட்டுச் சன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் ஒரு மாணவியைப் பல ஆசிரியர்கள் கண்டிருப்பார்கள். அவளுக்கு நாம் வழக்கமாகத் தருவது அதே வகையில் இன்னும் பத்துக் கணக்குகள், அல்லது சட்டாம்பிள்ளை வேலை. முன்னது அவளுக்குத் தண்டனையாகவே படும். பின்னது உண்மையில் நமக்குத்தான் உதவி.

அவளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள். ஓர் அலகின் முடிவில் வைக்கும் தேர்வை, அந்த அலகை நடத்துவதற்கு முன்பே அவளுக்கு வையுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி முதலானோர் வளர்த்த பாடச் சுருக்க முறையின் அடிப்படை இதுவே. விடைத்தாளில் மொத்த மதிப்பெண்ணைக் காட்டிலும் எங்கே தடுமாறினாள் என்பதே முக்கியம். பின்னங்களைத் தவறின்றி வகுத்தவள், தலைகீழியால் ஏன் பெருக்குகிறோம் என்று கேட்டால் விழிக்கலாம். அப்படியானால் அதை விளக்கும் பாடவேளையில் மட்டும் அவள் வகுப்போடு அமரட்டும், எஞ்சிய பாடவேளைகள் அவளுக்கு மிச்சம்.

மிச்சமான நேரத்துக்கு எட்டாம் வகுப்புப் பாடநூலைத் தூக்கிக் கொடுப்பது எளிது, ஆனால் அடுத்த ஆண்டு அதே சலிப்பு இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். ஆழமான ஒரு வினா மேல். 9 என்பதை 4+5 என்றும் 2+3+4 என்றும் அடுத்தடுத்த இயல் எண்களின் கூடுதலாக எழுதலாம். 15-ஐ மூன்று வழிகளில் எழுதலாம். எந்த எண்களை ஒரு வழியிலும் எழுத முடியாது? 1, 2, 4, 8, 16 ஆகியவை மட்டும் எஞ்சி நிற்பதை அவள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடக்கூடும், ஆனால் ஏன் இரண்டின் அடுக்குகள் மட்டும் என்று விளக்க ஒரு வாரம்கூடப் பிடிக்கலாம். அந்த ஒரு வாரத்தைத்தான் நாம் திட்டமிடுகிறோம்.

இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, அவளிடமும் பெற்றோரிடமும் காட்டுங்கள்: விடுவிக்கப்பட்ட பகுதிகள், எடுத்துக்கொண்ட வினா, அமரும் இடம், நோட்டைப் பார்க்கும் நாள். குறைகளுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும். மனத்திலேயே போட்டு விடையை மட்டும் எழுதுகிறவளுக்குப் படிகளை எழுதும் பழக்கம் வராவிட்டால், பின்னாளில் நிறுவல் எழுதும்போது திணறுவாள்.

போட்டித் தேர்வுகள் இதற்குத் துணை மட்டுமே. இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறிப் போட்டியின் பழைய வினாக்கள் நல்ல தீனி. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவி என்றால், எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வையும் பெற்றோருக்கு இப்போதே சொல்லிவையுங்கள். குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டுத் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறந்து பாருங்கள். பக்கங்கள் வெறுமையாக இருந்தால் அவளைக் கடிந்துகொள்ளும் முன் வினாவை மாற்றிப் பாருங்கள்.